வண்டி நிற்கும் நிலமும் வளவுக் கிணறும்

புதுமனை அமைப்போர் நம்மிடையே நிலையம் எடுப்பதற்கு நாட் பார்க்கின்றனர். அத்திவாரக் கல் வைப்பதற்கு முகூர்த்தம் கேட்கின்றனர். குடிபூரலுக்கு ஊரைக் கூட்டுகின்றனர். ஆனால், படலையிலிருந்து வீட்டு முகப்பு வரையும் வண்டி ஓடிவரும் பாதைக்கும், அவ்வண்டி இரவெல்லாம் நிற்கும் இடத்திற்கும் நாளுமில்லை, கோளுமில்லை. வீட்டு வேலை யாவும் முடிந்து, கையிலுள்ள பணமும் முடியுந் தறுவாயில், மிஞ்சிய மணலையும் சல்லியையும் மண்ணின்மேற் பரப்பி, அதன்மேல் இரண்டங்குலச் சீமெந்துக் கலவையை இழுத்துவிட்டு, "பாதை போட்டாயிற்று" என்பார் மேசன். வீட்டுக்காரரும் அதனை நம்புவார். ஒரு மாரி கழியும். ஒரு கோடையும் கழியும். அதன்பின் அப்பாதை பொரித்த அப்பளம் போல் நொறுங்கிக் கிடப்பதைப் படலையடியில் நின்றே காணலாம்.

2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டதன் பின், வளவுக்குள் வண்டி விட இடம் அமைக்கும் பேச்சு எங்கள் ஊர் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகின்றது. பேச்சின் முடிவு பெரும்பாலும் ஒன்றே: "முற்றம் முழுவதற்கும் கொங்கிறீற் போட்டுவிடுவோம், கூட்டுவதும் சுகம்." இம்முடிவிற்கு வருமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். வண்டியின் பாரத்தை நிலம் தாங்குமாறு செய்வது எவ்வாறு என்பது ஒன்று. அவ்வாறு செய்தபின், வளவிற் பெய்யும் மழைநீருக்கு யாது கதி என்பது மற்றொன்று. முதற் கேள்வியை எல்லோரும் கேட்பர். இரண்டாவதைக் கேட்போர் அரியர். ஆற்றுநீர் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர்க்கு முதலாவதினும் இரண்டாவதே பெரிது என்பது என் எண்ணம். எனினும் முறைப்படி முதலாவதிலேயே தொடங்குவோம்.

பாரம் எங்கே போகின்றது?

நடுத்தரமான கார் ஒன்று ஆட்களுடன் 1,200 கிலோகிராம் நிறையுள்ளது எனக் கொள்வோம். ஒரு சில்லின் பங்கு 300 கிலோகிராம். அச்சில்லின் ரயர் நிலத்தைத் தொடும் பரப்போ மிகச் சிறிது. பக்கத்துக்கு 12 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு சதுரம் என்று சொல்லலாம். விரித்த கையொன்று அதனை மறைத்துவிடும். ஆகவே அவ்விடத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் இரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட பாரத்தைச் சுமக்கின்றது. காய்ந்து இறுகிய மண் இதனைத் தாங்கும்; மாரியில் ஊறிய மண் தாங்காது. சில்லுப் புதைந்து தடம் விழுவது இதனாலேயே.

இப்பொழுது அச்சில்லுக்கும் மண்ணுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர், அதாவது ஆறங்குலத் தடிப்புக்கு உடைத்த கல்லை இட்டு நன்கு இறுக்கினோம் என வைத்துக்கொள்வோம். பாரம் கீழே இறங்க இறங்க நாற்புறமும் பரவும். இரண்டு பங்கு ஆழத்துக்கு ஒரு பங்கு வீதம் அகலம் கூடும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் எளிய கணக்கு. அதன்படி 12 சென்ரிமீற்றர்ச் சதுரம் கல்லடுக்கின் அடியிற் சேரும்போது 27 சென்ரிமீற்றர்ச் சதுரமாகிவிடும். அதே 300 கிலோகிராம். ஆனால் மண் இப்போது உணரும் அமுக்கம் முன்னையதில் ஐந்தில் ஒரு பங்கே. மாணவர்கள் தங்கள் பௌதிகவியற் பாடத்திற் படிக்கும் அமுக்கம் என்பது இதுதான். கல்லடுக்குப் பாரத்தைக் குறைப்பதில்லை, பங்கிட்டுக் கொடுக்கின்றது. இறுதியிற் பாரத்தைச் சுமப்பது மண்ணே. மேலே போடும் கொங்கிறீற்றோ தாரோ எவ்வளவு அழகாயிருப்பினும், அடியிலுள்ள மண் இளகினால் யாவும் இளகும்.

இவ்வுண்மையை உலகிற்கு அழுத்திச் சொன்னவர் ஸ்கொத்லாந்து தேசத்தவரான யோன் லௌடன் மக்காடம் என்பவர். 1816 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகர்ப்புற வீதிகளுக்கு மேற்பார்வையாளராக வந்த அவர், அக்காலத்தார் வீதியின் அடியிற் பாரிய கற்களைப் பதித்துவந்த வழக்கத்தை வீண் என்று தள்ளினார். கூர்முனையுடைய சிறு கற்களை, ஒவ்வொன்றும் ஆறு அவுன்சுக்கு மேற்படாதவாறு உடைத்து இட்டால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அடி மண்ணை நீர் தேங்கி நில்லாமற் காத்தாற் போதும் என்பது அவர் கொள்கை. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் நம்மூரில் வீட்டுப் பாதைக்கு அடியில் உடைந்த சீமெந்துக் கல்லும் ஓட்டுத் துண்டும் பெரும் பாறைகளும் கொட்டி மூடப்படுகின்றன. அவற்றின் இடைவெளிகளுக்குள் மண் கழுவுண்டு இறங்க, மேற்றளம் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒருநாள் அது இறங்கும்.

"எங்கள் வீட்டில் ஒரு சிறிய கார்தானே!" என்பார் சிலர். வீட்டுக்கு வருவது அக்கார் மட்டுமன்று. மதில் கட்ட மணல் ஏற்றிய டிப்பர் வரும். மலக்குழியை வெறுமையாக்கப் பவுசர் வரும். கலியாணத்துக்குப் பந்தற் சாமான் ஏற்றிய லொறி வரும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே அமைத்த வீதிகளில் லொறிகளை ஓயாது ஓட்டி ஒரு பெரும் பரிசோதனை நடாத்தினர். அச்சுப் பாரம் இரு மடங்கானால் வீதிக்கு விளையும் சேதம் ஏறக்குறையப் பதினாறு மடங்காகும் என அதிலிருந்து கண்டனர். அதாவது, சேதம் பாரத்தின் நாலாம் வலுவோடு ஏறுகின்றது. 600 கிலோகிராம் அச்சுப் பாரமுள்ள காரோடு 6,000 கிலோகிராம் அச்சுப் பாரமுள்ள பவுசரை ஒப்பிட்டால், பத்து மடங்கு பாரத்துக்குப் பதினாயிரம் மடங்கு சேதம்! பவுசர் ஒருமுறை வந்து போவது, கார் பல ஆண்டு ஓடியதற்குச் சமம். ஆகவே, பாரவண்டி வரக்கூடிய வளவாயின் அதற்கேற்பவே கல்லடுக்கை இடுதல் வேண்டும். வராது என்பது உறுதியாயின் ஆறங்குலத்தோடு நிறுத்தலாம். எட்டங்குலம் இடுதல் நடுவழி.

அலவாங்கை எடுக்குமுன்

நிலத்தை அறியாமல் அத்திவாரம் இல்லை. குடாநாட்டில் வலிகாமத்துச் செம்பாட்டு நிலம் ஒரு தன்மையது; வடமராட்சி கிழக்கின் மணல் வேறொரு தன்மையது; வயலை நிரப்பி வீடு கட்டிய களிநிலம் இவ்விரண்டிலும் வேறானது. செம்பாடும் மணலும் நீரை விரைவிற் கீழே விடும். களி நீரை விடாது. நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். உங்கள் மண் எத்தகையது என்பதை அறியச் சிறுவரும் செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. ஓரடி ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, நீர் நிறைந்த கண்ணாடிப் போத்தலிலிட்டுக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துள் அடியிற் படியும். வண்டல் சில மணி நேரத்திற் படியும். களியோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். படிவுகளின் உயரத்தை அளந்தால் எது எவ்வளவு என்பது தெரியும்.

இன்னும் ஒன்று. நம் வளவுகளின் மண், புத்தகத்திற் சொல்லப்படும் மண் மட்டுமன்று. போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு பதுங்கு குழி வெட்டினோம். பனங்குற்றியும் மண்மூடையும் அடுக்கிய அக்குழிகள் பின்னர் அவசர அவசரமாகக் குப்பையும் மண்ணும் தள்ளி மூடப்பட்டன. குற்றிகள் உக்கிப் போயின. குழியிருந்த இடம் மேலுக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும் காணியைப் புதிதாக வாங்கியவர்களும் இதனை அறியார். ஊரிலே தங்கியிருந்த முதியவர் ஒருவரை அழைத்து, "இந்த வளவில் எங்கே குழி இருந்தது?" என்று கேட்பது எந்தப் பொறியியற் சோதனைக்கும் குறைந்ததன்று. பழைய மலக்குழிக்கும் தூர்த்த கிணற்றுக்கும் இது பொருந்தும். அவ்வாறான இடம் பாதைக்குள் அகப்பட்டால், அதனை அடி வரை வெறுமையாக்கி, நல்ல மண்ணால் அரையடி அரையடியாக இறுக்கி நிரப்பிய பின்னரே மேலே செல்லலாம். மலக்குழியின் மூடியின்மேல் வண்டி ஏறவே கூடாது; பாதையை விலக்கிப் போடுக.

தோண்டும்போது துருப்பிடித்த உலோகப் பொருள் ஏதும் ஐயந்தரும் வகையில் வெளிப்பட்டால், அலவாங்கை அவ்விடத்திலேயே வைத்துவிட்டு எல்லோரையும் அப்பாற் போகச் செய்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க வேண்டும். எடுத்துப் பார்க்கும் ஆவல் பொல்லாதது. பிள்ளைகளிருக்கும் வீட்டில் இதனை வேலை தொடங்கு முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

மரங்களையும் நினைக்க வேண்டும். வேம்பின் வேரும் மாவின் வேரும் சீமெந்தைத் தூக்கும். வேரை வெட்டினால் மரம் பழிவாங்கும், காற்றுக்கு விழும். மரத்தடியைச் சுற்றி இடம் விட்டுப் பாதையை வளைத்தால் மரமும் நிற்கும், வண்டிக்கு நிழலும் கிடைக்கும்.

இறுக்கும் வித்தை

மேல்மண்ணை அரையடியேனும் வெட்டி அகற்றுதல் முதல் வேலை. வேரும் இலைச்சத்தும் கலந்த கருமண் வாழைக்கும் கத்தரிக்கும் உரியது, பாதைக்கு ஆகாது. உக்கும் பொருள் உக்கியபின் அங்கே வெற்றிடமே மிஞ்சும். அம்மண்ணைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்க. அதன் கீழுள்ள மண்ணைச் சமப்படுத்தி இறுக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர் பெரிதும் பிழைவிடுகின்றனர். காய்ந்த மண்ணை எத்தனை முறை உருளையால் உருட்டினாலும் அது இறுகாது. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பொருந்துவதற்கு ஈரம் வேண்டும். ஈரம் மிகுந்தாலும் இறுகாது; துகள்களுக்கிடையே நீர் நின்று தடுக்கும். இடைப்பட்ட ஒரு ஈரத்திலேதான் மண் தன் உச்ச இறுக்கத்தை அடையும். இதனை அளந்து காட்டியவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர்வழங்கற் பகுதியிற் பொறியியலாளராயிருந்த புறொக்ரர், ஆண்டு 1933. அணைக்கட்டுக்கு மண் இறுக்கும் வேலையிற் பிறந்த இவ்வறிவு இன்று உலகெங்கும் வீதி வேலைக்கு அடிப்படை. வீட்டு வேலைக்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையிற் பிசைந்து கொழுக்கட்டை போற் பிடியுங்கள். இடுப்பளவு உயரத்திலிருந்து கடினமான தரையில் விடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ஈரம் அளவானது. தூளாய்ச் சிதறினால் நீர் போதாது. சப்பையாய் ஒட்டிக்கொண்டால் இரண்டு நாட் பொறுத்திருக்க வேண்டும். ஆடி வெயிலிற் காய்ந்த செம்பாட்டு மண்ணுக்கு முதல்நாள் மாலை நீர் தெளித்து வைத்தால் மறுநாட் காலை வேலைக்குப் பதமாயிருக்கும்.

கல் இடும்போதும் ஒரே முறையிற் கொட்டி மேலால் உருட்டுதல் பயனற்றது. வாடகைக்கு எடுக்கும் சிறிய அதிர்வுப் பொறியின் வலு நாலங்குலத்துக்குக் கீழே அதிகம் செல்வதில்லை. ஆதலின் நாலு நாலு அங்குலமாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மூன்று நாலு முறை இறுக்க வேண்டும். பொறி குதிக்கும் ஓசை மாறி, கல் அசைவது நின்றால் அவ்வடுக்கு முடிந்தது. இருபக்கத்திலும் கொங்கிறீற்றாற் கரைக்கட்டு இல்லாவிடின், நடுவில் வரும் பாரம் கற்களை வெளியே தள்ளிவிடும். கரைக்கட்டைக் காசு மிச்சம் பிடிக்கும் இடமாக எண்ணுவோர் பலர். பாதையின் ஆயுள் அதிலேதான் இருக்கின்றது.

கணக்கு வேண்டுவோர்க்கு: நாற்பதடி நீளம், பத்தடி அகலம், இறுக்கியபின் எட்டங்குலத் தடிப்பு என்றால், இறுகுமுன் ஏறத்தாழப் பத்தங்குலம் இட வேண்டும். 333 கன அடி. நம் வழக்கிற் சொன்னால் மூன்றே கால் கியூபுக்குச் சற்று அதிகம். களிநிலமாயின், மண்ணுக்கும் கல்லுக்கும் இடையே வீதி வேலையிற் பயன்படுத்தும் நெய்யாத செயற்கைத் துணியை விரித்தல் வேண்டும். அது நீரை விடும். களியை மேலே ஏறவும் கல்லைக் கீழே புதையவும் விடாது.

கிணற்றுக்கு என்ன மிச்சம்?

இனி இரண்டாவது கேள்வி. நாற்பதுக்குப் பத்து அடிப் பாதை என்பது 37 சதுர மீற்றர். குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை. அப்படியானால் அப்பாதையின்மேல் மட்டும் ஓராண்டில் விழும் நீர் 46,000 லீற்றர். அதில் ஒரு பகுதி ஆவியாகும். செம்பாட்டு நிலமாயின் எஞ்சியதிற் கணிசமான பங்கு கீழே இறங்கும். முற்றம் முழுவதையும் மூடினால் இக்கணக்கை மூன்றாலோ நாலாலோ பெருக்குக.

நம் காலடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகின்றது. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் இக்கல்லின் பிள்ளைகளே. அந்நன்னீர் தனியே நிற்பதுமன்று. கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல், எண்ணெய் நீரின்மேல் மிதப்பது போல், மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இச்சிறு வேறுபாட்டின் விளைவு பெரிது: கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும். ஒல்லாந்தரான படொன் கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. திருப்பிப் படித்தால் நெஞ்சு துணுக்குறும். மேலே ஓரடி குறைந்தால் காலப்போக்கில் உவர்நீர் நாற்பதடி மேலேறி வரும். கிணறு உவர்த்துப் போயிற்று என்று ஊர்கள் முறையிடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மழைநீர் கடலுக்கு ஓடிப்போவதைத் தடுக்கவேண்டுமென்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்னும் பெருந் திட்டத்தை வகுத்தார். அத்திட்டத்தைப் பற்றி நாம் இன்றும் மேடையிற் பேசுகின்றோம். வீட்டுக்கு வந்தவுடன் முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டு, ஓடிவரும் நீரைக் குழாய் வைத்து ஒழுங்கைக்கு விடுகின்றோம். ஒழுங்கையிலிருந்து அது அயலவர் வளவுக்குப் போகின்றது. 2008 நவம்பரில் வந்த நிஷா புயலின்போதும் 2024 நவம்பர் வெள்ளத்தின்போதும் தாழ்ந்த வளவுக்காரர் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். பெருமழைக்கு முன் ஒரு முற்றம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரு முற்றம் ஒன்றும் செய்யாது. ஒழுங்கையிலுள்ள இருபது முற்றங்களும் ஒருங்கே நீரை வெளியே தள்ளுவதுதான் அயலவர் அடுப்படிக்குள் வெள்ளமாக நுழைகின்றது. இதனால் உறவு முறிந்த வீடுகளையும் காண்கின்றோம்.

பாரம் தாங்கவும் நீர் இறங்கவும் ஒரே பாதையால் முடியுமா? முடியும். ஏ.பி.சி. எனப்படும், தூளும் சல்லியும் கலந்த கல் இறுகினால் நீரை எளிதில் விடாது. அதற்குப் பதிலாகத் தூள் நீக்கிய முக்கால் அங்குலச் சல்லியை மாத்திரம் அடியில் இட்டு இறுக்கினால், கற்கள் கவ்விக்கொள்ளும். அவற்றிடையே மூன்றிலொரு பங்கு வெளியும் இருக்கும். மேற்சொன்ன எட்டங்குல அடுக்கில் அவ்வெளி ஏறக்குறைய 2,500 லீற்றர் நீரை ஏந்தி நிற்கும்; அதாவது 68 மில்லிமீற்றர் மழையை ஓடவிடாமற் பிடித்து, ஆறுதலாகக் கீழே இறக்கும். அதன்மேல் காலங்குலச் சிப்ஸை இரண்டங்குலத்துக்குப் பரப்பி, 80 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள இன்ரலொக் கற்களை மீன்முள் வடிவில் அடுக்கி, இடைவெளிகளைச் சிப்ஸாலேயே நிரப்ப வேண்டும். மணல் இட்டால் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். மீன்முள் அடுக்கைச் சொல்வது அழகுக்கன்று. சில்லுத் திரும்பும்போது கற்கள் நழுவாது பிடிப்பது அவ்வடுக்கே. நகரில் இன்ரலொக் கற்கள் இரண்டு வாய்க்காலாகத் தாழ்ந்து கிடப்பதைக் கண்டு கற்களைக் குறை சொல்லுகின்றனர். அங்கே பிழை கல்லில் இல்லை. அடியில் வெறும் மணலை மட்டும் விரித்ததில் இருக்கின்றது.

"அடிமண்ணை நீர் தேங்காமற் காக்க என்று மக்காடம் சொன்னாரே, நீர் அதனுள்ளே நீரை விடச் சொல்லுகிறீரே?" என்று கூர்ந்து படிக்கும் மாணவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. விடை மண்ணைப் பொறுத்தது. ஓரடி ஆழக் குழி வெட்டி, ஒருமுறை நீர் விட்டு ஊறவிட்டு, மறுமுறை நிரப்பிப் பாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றினால் நீர் அங்கே தங்குவதில்லை. தங்காத நீர் மண்ணை இளக்குவதில்லை. செம்பாடும் மணலும் பெரும்பாலும் இத்தகையன. மறுநாளும் நீர் நின்றால் அது களி. அங்கே இம்முறை ஆகாது. ஏ.பி.சி. இட்டு மேலே மூடி, பத்தடி அகலத்துக்கு இரண்டரை அங்குலச் சரிவு கொடுத்து, வழியும் நீரைச் சொந்த வளவின் தோட்டப் பக்கத்துக்கு, வீட்டு அத்திவாரத்துக்குப் பதினைந்தடிக்குக் குறையாத தூரத்தில், இறக்கிவிட வேண்டும்.

கொங்கிறீற் எங்கே வேண்டும்?

கொங்கிறீற்றே வேண்டாம் என்பது என் வாதமன்று. வண்டி ஓடும் பாதை வேறு. அது நிற்கும் இடம் வேறு. நிற்கும் இடத்தில் இயந்திர எண்ணெய் சொட்டும். அங்கே கழுவுவோம், சிலர் எண்ணெயும் மாற்றுவர். சுண்ணாம்புக் கல் மழைநீரை எவ்வளவு விரைவாகக் கிணற்றுக்குக் கொண்டு செல்லுமோ அவ்வளவு விரைவாக அழுக்கையும் கொண்டு செல்லும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை நீதிமன்றம் வரை சென்ற செய்தி; அதனை வாசகர் மறந்திரார். ஆகவே, வண்டி நிற்கும் பத்துக்கு இருபது அடியை மட்டும் கொங்கிறீற்றால் மூடி, கூரையும் இட்டு, கிணற்றிலிருந்து எட்டி அமைப்பதே பொருத்தம். எஞ்சிய முற்றம் மழைக்கு உரியது.

அத்தளத்துக்கும் இறுக்கிய கல்லடுக்கு நாலங்குலமேனும் வேண்டும். கொங்கிறீற் நாலங்குலம், பாரவண்டி ஏறுமாயின் ஆறு. ஒன்றுக்கு இரண்டு, நாலு என்ற வழக்கமான கலவை போதும். ஆனால் நீரில் கஞ்சத்தனம் காட்டுக. 50 கிலோகிராம் சீமெந்துப் பைக்கு 25 லீற்றரை ஒட்டிய நீரே அளவு. வேலையாட்கள் இழுப்பதற்கு இலகுவென்று மேலும் வாளி வாளியாக ஊற்றுவர். நீர் கூடக் கூட வலிமை குறையும் என்பதை ஏப்ரம்ஸ் என்பவர் 1918 இலேயே காட்டிவிட்டார். கம்பிவலை இட்டால் அது அடியிற் கிடக்கக்கூடாது. சிறு கற்றுண்டுகளால் உயர்த்தி மேற்பாதியில் நிற்கச் செய்ய வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை ஓரங்குல ஆழத்துக்கு வெட்டு விட வேண்டும். கொங்கிறீற் சுருங்கும்போது எங்கேனும் வெடித்தே தீரும். நாம் இடம் காட்டினால் அங்கே வெடிக்கும். ஏழு நாட்களுக்குச் சாக்கு விரித்து ஈரமாக வைத்திருத்தல் வீட்டுப் பெண்களின் தலையில் விழுகின்ற வேலை. அதனை மேசனோடு பேசும் உடன்படிக்கையிலேயே சேர்த்துவிடலாம்.

வேலைக்கு உகந்த காலம் ஆடியும் ஆவணியும். புரட்டாசியிற் தொடங்கினால், தோண்டிய பள்ளத்தில் முதல் மழை நின்று, இறுக்கிய மண் மீண்டும் சேறாகும் அபாயம் உண்டு. முதல் மாரி கழிந்து தை பிறந்தபின் பாதையை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். எங்கேனும் ஒரு கல் தாழ்ந்திருப்பின், அவ்விடத்துக் கற்களை மட்டும் கிளப்பி, அடியிற் சிறிது சிப்ஸிட்டு மீண்டும் அடுக்கினால் அரை நாள் வேலையில் முடிந்துவிடும். கொங்கிறீற்றில் இது இயலாது. மண் அடைத்த இடைவெளிகளைக் கம்பியாற் கிளறித் துப்புரவாக்கி, அரைக் கூடை சிப்ஸ் புதிதாகத் தூவிக் கூட்டிவிட்டால் அவ்வாண்டுக்குப் போதும்.